செல்வி கலந்த பொடி

போன ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரத்தில் எங்களுக்கு விருந்து. என் மனைவியின் தங்கை செல்வி அங்கே சின்னதாக ஒரு பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறாள். தீவனத்தைக்கூட அவளே அரைத்துக் கலக்கிறாள். ராஜபாளையத்திலிருந்து பைக்கில் போய் இறங்கினோம். மனைவி சமையலறைக்குள் போய்விட, நான் பண்ணைப் பக்கம் நடந்தேன்.

அங்கேதான் பார்த்தேன். செல்வி ஒரு பாக்கெட்டைப் பிரித்து, ஏதோ பொடியைத் தீவனத்தில் தூவிக்கொண்டிருந்தாள்.

என்ன பொடி என்று கேட்டேன். என்சைம் என்றாள், நிமிராமல்.

மனசு சும்மா இருக்குமா? பிராய்லர் கோழிக்கு ஊசி, ஹார்மோன் என்று எங்கள் ஃபேமிலி குரூப்பில் வராத வீடியோ இல்லை. இப்போது என் கண்ணெதிரே... சொந்தக் கொழுந்தியாளே!

இலையில் கோழிக் குழம்பு விழுந்தது. நான் ஓரமாக ஒதுக்கிவிட்டு ரசத்துக்குத் தாவினேன். வயிறு சரியில்லை என்று ஒரு பொய் வேறு. மனைவி முறைத்தாள். செல்வி முறைக்கவில்லை. முகம் மட்டும் சுண்டிப்போனது.

கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தான், அந்தப் பொடியப் பாத்துட்டுத்தான ஒதுக்குனீங்க?"

தலையை ஆட்டினேன்.

"ஒங்களுக்கு முன்னாடியே நான் சந்தேகப்பட்டாச்சு. வாங்க, காட்டுதேன்."

கொட்டகைக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். மக்காச்சோளம் சரியாகக் கிடைக்காத சமயத்தில், தீவனத்தில் கோதுமைக் குருணையைச் சேர்த்திருக்கிறாள். கோழிகளின் எச்சம் பிசின் மாதிரி ஒட்ட ஆரம்பித்தது. தரையில் பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூள் சொதசொதவென்று ஈரமாகி, கோழிகளின் கால் புண்ணாகிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தீவனக் கடைக்காரர் இந்தப் பொடியை நீட்டியிருக்கிறார். செல்வி நம்பவில்லை. கொட்டகைக்கு நடுவே வலையைக் கட்டினாள். ஒரு பாதிக்குப் பொடி கலந்த தீவனம். மறு பாதிக்கு வெறும் தீவனம். சில நாளில் பொடி தின்ற பக்கம் காய்ந்தது. மறுபக்கம் அதே சொதசொதப்பு.

அப்போதாவது நம்பினாளா? இல்லை! ஒருவேளை அந்தப் பக்கம் காற்றோட்டம் அதிகமோ என்று அடுத்த சந்தேகம். இரண்டு பக்கமும் புது நார்த்தூள் போட்டு, தீவனத்தை இடம் மாற்றி வைத்தாள். ஈரமும் இடம் மாறியது.

"கோதுமையில ஒரு பிசுபிசுப்பு இருக்கு அத்தான். கோழி வயித்துல அது லேசுல செரிக்காது. இந்தப் பொடி அத ஒடச்சு விட்டுரும். அம்புட்டுதான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் தன் கோழிகளை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சந்தேகப்பட்டிருக்கிறாள். நான்? விரலால் போனைத் தள்ளித் தள்ளிச் சந்தேகப்பட்டவன்.

மறுபடியும் இலை போடச் சொன்னேன். செல்வி பரிமாறினாள். நான் முதல் வாய் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் தன் இலைக்கு முன் உட்கார்ந்தாள்.

ஊரிலுள்ள எல்லாப் பண்ணைகளுக்கும் நான் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவே.

மறுநாள் டீக்கடையில் ஒரு நண்பரிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். பொறுமையாகக் கேட்டார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பண்ணையில ஒங்களுக்கும் பங்கு இருக்கோ?"