வானத்துக்குப் பட்டா எழுதுகிறவர்

மொட்டைமாடிகளை அண்ணாந்து பார்த்தபடியே நடந்துவந்து, அலுவலக வாசலில் இருக்கும் அதே பள்ளத்தில் இந்த மாதம் மூன்றாவது முறையாகக் காலை விடுகிறார் கற்றை சார். செருப்பு வார் அறுகிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்தப் பல் ஆஸ்பத்திரி மாடியில புதுசா ஒரு ஆன்டெனா மொளச்சிருக்கு சார். அனுமதி வாங்கினாங்களான்னு தெரியல" என்கிறார். ஒற்றைச் செருப்போடு இரண்டு மாடி ஏறுகிறார். லிஃப்டில் ஏறமாட்டார். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் வராது, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்குமாம்.

அலைக்கற்றை ஒதுக்கீட்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். இருபத்து மூன்று வருடமாக ஒரே பிரிவு, ஒரே மேசை. இயக்குநர் முதல் தேநீர் கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் 'கற்றை சார்'. எதிர்மேசை என்னுடையது. அரசு அறிவிப்புகளை மொழிபெயர்க்கிற வேலை. அவர் எழுதுவதை ஊருக்குப் புரிகிற மாதிரி எழுதவேண்டியது என் தலையெழுத்து.

ரேடியோ, விமானம், கப்பல், போலீஸ்காரர் கையிலிருக்கும் வாக்கி டாக்கி, நம் செல்போன் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அலைகளில்தான் பேசுகின்றன. ஒருவர் அலைக்குள் இன்னொருவர் புகுந்தால் இரண்டு பேச்சும் கெட்டுப்போகும். அதனால் எந்த அலை யாருக்கு என்று அரசாங்கம் பிரித்துக் கொடுக்கிறது. "நெலம் மாதிரிதான் சார். என்ன, வானத்துல பொறம்போக்கே கெடையாது. ஒவ்வொரு இஞ்சுக்கும் பட்டாதாரர் இருக்காரு" என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அவர் மனைவி இதை வேறு மாதிரி சொல்லக் கேட்டிருக்கிறேன். "வீட்ல ஒரு பல்பு மாத்திக் குடுக்க நேரமில்ல. ஆகாசத்தப் பங்கு போடறாரு."

கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கோப்புக் குறிப்பைக் கையால்தான் எழுதுவார். பொய் சொல்லத் தெரியாது. இதை நல்ல குணமாகச் சொல்லவில்லை, ஒரு குறைபாடாகவே சொல்கிறேன். மேலதிகாரி தன் பேத்தியின் பாட்டைக் கைபேசியில் போட்டுக் காட்டி "எப்படி?" என்று கேட்டபோது, "ஸ்பீக்கர் நல்லா இருக்கு சார்" என்றவர்.

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு விண்ணப்பம் வந்தது. டவர் எட்டாத இடத்திலும் கைபேசியிலிருந்து நேராக விண்ணில் இருக்கும் செயற்கைக்கோளோடு பேசுகிற சேவை; அதற்கு ஒரு சின்னக் கீற்று அலை வேண்டும். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளின் சங்கம் தன் படகுகளின் பட்டியலை இணைத்து, அந்த விண்ணப்பத்தை ஆதரித்துக் கடிதம் கொடுத்திருந்தது. படகில் இருக்கும் ரேடியோ கரையிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர்தான் பேசும். அதற்கப்பால் போனால் கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது.

கற்றை சார் பதினொரு பக்கத்தில் 'தரலாம்' என்று எழுதி, சிவப்பில் 'அவசரம்' சீட்டு ஒட்டி மேலே அனுப்பினார். அதே கீற்றைத் தங்களுக்குக் கேட்டு டவர் கம்பெனிகளும் எழுதிப்போட்டன. பொதுமக்கள் கருத்து, கருத்தின் மேல் மறுகருத்து, குழு, துணைக்குழு. கோப்பு மேலே போகும், ஒரு கேள்வியோடு கீழே வரும். அவர் பதில் எழுதுவார், மறுபடி போகும். நான்காம் வருடம் அந்தச் சிவப்புச் சீட்டு வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது.

அவருடைய தங்கை வீட்டுக்காரர் விசைப்படகில் எஞ்சின் மெக்கானிக். வாய் நிறையச் சிரிக்கிற மனிதர். ஒரு தடவை அலுவலகத்துக்கே வந்திருக்கிறார். "என்ன மச்சான், எங்க லைன் கெடச்சுதா?"

"குழுவுல இருக்கு மாப்ள."

"உங்க குழு கடலவிடப் பெரிசா இருக்கும்போல."

மறு வருடம் அந்தப் படகின் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு செயற்கைக்கோள் போன் வாங்கிவந்து படகில் வைத்தார். துறைமுகச் சோதனையில் அது பிடிபட்டது. திருப்பிக் கொடுக்கலாமா என்று எங்கள் அலுவலகத்தின் கருத்தைக் கேட்டார்கள். கடிதம் கற்றை சார் மேசைக்கு வந்தது. எந்தப் படகு என்பது அதிலேயே எழுதியிருந்தது. காலையில் பிரித்தவர் சாப்பாட்டு நேரம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 'மேற்படி அலைவரிசை இச்சேவைக்கு இன்னும் ஒதுக்கப்படவில்லை. எனவே கருவி அனுமதியற்றது.' நான்தான் மொழிபெயர்த்தேன். தப்பு சொல்ல முடியாத இரண்டு வாக்கியங்கள். போனைப் பறிமுதல் செய்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை அதையும் சிரித்துக்கொண்டுதான் எடுத்துக்கொண்டார். "எங்க போனப் புடுங்கினது வேற யாரும் இல்ல, எம் மச்சான்தான்" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

ஏழு மாதம் கழித்து, நடுக்கடலில் அந்தப் படகின் எஞ்சின் நின்றது. இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், ஒன்பது நாள் கழித்துக் கிடைத்த படகில் எஞ்சினை முழுசாகப் பிரித்துப் பாகம் பாகமாகத் துணியில் அடுக்கி வைத்திருந்தது. படகில் ஆள் யாரும் இல்லை. கடைசியில் எல்லோருமாக என்ன முடிவெடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையோடு சேர்த்துப் போனவர்கள் ஏழு பேர்.

தங்கை அழவில்லையாம். படகு கிடைத்த மூன்றாம் நாள் இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "அண்ணே, அந்த போன் இருந்திருந்தா அவரு பேசிருப்பாரா?"

"பேசிருப்பாரும்மா."

அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு இவரிடம் பேசவில்லை. இவர் போனால் கதவைத் திறந்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். இவர் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஞாயிறுதோறும் போகிறார்.

"தெரியலன்னு சொல்லிருக்கலாமே சார்" என்றேன்.

"எனக்குத் தெரியுமே சார்" என்றார்.

அலுவலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் இது தெரியாது. விடுப்பு விண்ணப்பத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார். காரணம் கேட்டேன். ஒரு கோப்பில் அதிகாரியின் உறவினர் சம்பந்தப்பட்டிருந்தால் அந்தக் கோப்பை வேறு ஆளிடம் மாற்றவேண்டும் என்று விதி இருக்கிறது. "புதுசா வர்றவரு இதப் படிச்சு முடிக்கவே ரெண்டு வருஷம் ஆயிடும் சார். அதுவரைக்கும் படகு போகாம இருக்குமா?" விதி மீறாத மனிதர் வாழ்க்கையில் மீறிய ஒரே விதி இதுதான். அதற்காக, கூடப்பிறந்தவள் தாலி அறுந்ததைக்கூட ஆபீஸில் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் சுமந்தார்.

போன மாதம் குழு கடைசியாகக் கூடியது. நானும் குறிப்பெடுக்க இருந்தேன். தலைவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "இதுக்கு உண்மையிலேயே தேவை இருக்கா? யாராவது கேக்கறாங்களா?" என்றார். எல்லோரும் கற்றை சாரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். ஒரு சொல் சொன்னால் போதும், அந்த அறையே அசந்துபோயிருக்கும். கோப்பும் அவர் கையைவிட்டுப் போயிருக்கும்.

"இருக்கு சார். கேக்கறாங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளில் ஆணை வந்தது. கேட்ட கீற்று முழுவதும் பத்து ஆண்டுகளுக்கு டவர் சேவைக்கு. செயற்கைக்கோள் சேவை விண்ணப்பத்தைப் புதிய விண்ணப்பமாகக் கருதி, வேறு அலைவரிசையில் முதலிலிருந்து பரிசீலிக்கலாம். வாயை மூடிக்கொண்டு காப்பாற்றிய கோப்பு அவர் கையிலேயே இருந்தது, ஒன்றுக்கும் உதவாமல். அறிவிப்பை எழுதும் வேலையும் அவருக்கே வந்தது. அவர் எழுதினார், நான் மொழிபெயர்த்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன், "இனி என்ன சார்?"

"மொதல்லேருந்து."

"உங்க சர்வீஸ் இன்னும் நாலு வருஷந்தானே இருக்கு?"

அவர் மொட்டைமாடிகளைப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்.

புதிய விண்ணப்பமாக அவர் மேலே அனுப்பிய கோப்பு நேற்று மதியம் இறங்கியது, வழக்கம்போல ஒரு கேள்வியோடு. 'இணைப்பில் உள்ள படகுகளின் பட்டியல் ஆறு ஆண்டுகள் பழையது. தற்போதைய நிலைக்குத் திருத்தி அனுப்பவும்.' சங்கத்துக்குக் கடிதம் எழுதி ஒவ்வொரு படகாக விசாரித்தபிறகுதான் முழுசாகத் திருத்த முடியும். ஆனால் விசாரிக்காமலே திருத்தக்கூடிய வரி ஒன்று அதில் இருந்தது. பட்டியலைப் பிரித்தார். பதினேழாம் எண்ணுக்குக் கீழே ஸ்கேலை வைத்து, படகின் பதிவு எண், முதலாளி பெயர், ஆட்கள் ஏழு என்றிருந்த வரியைச் சிவப்பு மையால் நேராக அடித்தார். விதிப்படி ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அடியில் மொத்தம் நாற்பத்தொன்று என்றிருந்ததை அடித்து, அச்சு மாதிரியான கையெழுத்தில் நாற்பது என்று எழுதினார். அதற்கும் ஒரு சுருக்கொப்பம். பிறகு காகிதத்தை முகத்தருகே தூக்கி, மை கலைந்துவிடாமல் இருக்க, அடித்த அந்த வரியின் மேல் மெதுவாக ஊதினார்.