மாமல்லபுரக் கரையில் கேட்ட குரல்

போனவர்கள் நான்கு பேர். முசே லூய், பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் வியாபாரம், என் எசமான். ஹாரி துரை, அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அமெரிக்கர். காதர் பாய், செங்கல்பட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். நான், முசேவின் சமையல்காரன். காதால் கேட்டே பிரெஞ்சு வரும். இங்கிலீஷ் கொஞ்சம்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், கார்த்திகை மாதம். செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை எட்டு மணி. தூறல். கார் போக வர முப்பது ரூபாய். திருக்கழுக்குன்றம் ஒன்பது மைல். மாமல்லபுரம் அதற்கு மேல் இன்னொரு ஒன்பது.

ஏரிக்கரை தாண்டுவதற்குள் ஹாரி துரை பாயின் பெயர், பிள்ளைகள், வீடு சொந்தமா வாடகையா, எல்லாம் கேட்டுவிட்டார். நான் தமிழில் மாற்றிச் சொன்னேன்.

"இன்னா அண்ணாத்த, பொண்ணு குடுக்கப் போறாரா?" என்றார் பாய்.

முசே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாயிடம் ஒரு வார்த்தை இல்லை.

"அவருக்கு எம்மேல கோவமா?"

"இல்ல பாய். தெரியாதவங்ககிட்ட பேசமாட்டாங்க. பழகினா சண்டை போடுவாங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முசேவின் மேசையில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பல வருஷம் பரிமாறியிருக்கிறேன். ஒருவர் பேச்சை மற்றவர் பாதியில் வெட்டுவார். வெட்டினால் காது கொடுக்கிறார் என்று அர்த்தம். முழுக்கப் பேச விட்டால் அலுத்துவிட்டது என்று அர்த்தம். ஹாரி துரை வேறு மாதிரி. ஒருவர் முடித்தபின்தான் அடுத்தவர். பேச்சு நின்றுபோனால் அவருக்கு ஆகாது. எதையாவது கேட்டுவிடுவார்.

திருக்கழுக்குன்றத்தில் மலையேறினோம். உச்சியில் இரண்டு கழுகு வரும் என்பார்கள். அன்று ஒன்றுதான் வந்தது. கழுகுக்குச் சோறு வைத்தவர் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் பேசவில்லை. இன்னொன்று எங்கே என்று ஹாரி துரை கேட்டார்.

மாமல்லபுரம் சேர்ந்தபோது மூன்று மணி. பாய் ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்தினார். நாங்கள் மூவரும் கரைக்குப் போனோம். கடல்மேல் வெள்ளை மூட்டம். அலை சத்தம் வந்தது, அலை தெரியவில்லை. ஒரு பெண் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுற்றி ஏழெட்டுப் பேர்.

பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இவ புருசன் நேத்து விடியக்காலம் கடலுக்குப் போனவன். கட்டுமரம் வரல."

"தேடப் போகலியா?"

"இந்த மூட்டத்துல எங்க போறது. கொரல் வரணும். ஒரு வாட்டி கூப்பிட்டா பதில் குடுக்கக்கூடாது, அது வேற. மூணு வாட்டி கூப்பிட்டா மனுசன். மரத்தைத் தள்ளிடுவோம்."

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நீளமாக, ஓ என்று.

யாரும் அசையவில்லை. ஹாரி துரை மட்டும் வாயில் கை குவித்து, "ஹலோ, இங்கே இருக்கிறோம்" என்று கத்தினார்.

"அந்தாள வாய மூடச் சொல்லு நைனா" என்று என் கையைப் பிடித்தார் கரைக்காரர்.

முசேவிடம் சொன்னேன். முசே ஹாரி துரை மேல் பாய்ந்தார். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டாமா என்று துரை ஆரம்பித்தார். முசே பாதியில் வெட்டினார். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி வெட்டு. இரண்டு பேரும் அலைக்கு மேல் சத்தம் போட்டார்கள். அந்தப் பெண் திரும்பாமலே எங்களை நோக்கிக் கையை உயர்த்தினாள். அதன் பிறகுதான் நின்றது.

அலை மட்டும் கேட்டது. வெகுநேரம் காத்திருந்தோம்.

அவள் என்னிடம் வந்தாள். "எத்தினி வாட்டி கேட்டுச்சு?"

"எனக்கு ஒரு வாட்டிதாம்மா."

ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லாரும் ஒன்று என்றார்கள். மரத்தை யாரும் தொடவில்லை. அவள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஹாரி துரை வாயே திறக்கவில்லை. முசே பாயைப் பார்த்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பாய் சொன்னார்.

பூஞ்சேரி தாண்டியதும் பாய், "அங்க இன்னா நடந்துச்சு, எல்லாம் இப்பிடிக் கீறாங்க?" என்றார். சொன்னேன். ஒரு தரமா, மூன்று தரமா என்கிற வழக்கத்தையும் சொன்னேன்.

பாய் காரை நிறுத்தினார். ஸ்டியரிங்கை விடவில்லை.

"நான் பாறைக்கு அந்தாண்ட வண்டி தொடச்சிகினு இருந்தேன். நடுவுல பாறை, உங்க சத்தம் ஒண்ணும் வரல. கடல்லேர்ந்து கொரல் வந்துச்சு. யாரோ யாரையோ கூப்புடுறாங்கன்னு வுட்டுட்டேன்."

"எத்தினி வாட்டி, பாய்?"

"மூணு."