ரேடியோ கேட்கிறவரின் பிக்கப்பில்

டிரைவிங் டெஸ்டில் இரண்டாவது முறையும் தோற்றபோது, ஹூஸ்டனில் வேலைக்குப் போய்வர எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. வீட்டில் ஒரே கார். அதை எடுத்துக்கொண்டு என் கணவர் ஊரின் ஒரு கோடியில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போவார். நான் வேலை பார்த்த வால்வு தொழிற்சாலை மறு கோடியில். அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு ஃபோர்மனாக இருந்தவர் எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். வெள்ளைக்காரர், ஐம்பது தாண்டியவர், கதவைக் குனிந்து கடக்கும் உயரம். "என் வழியில்தானே இருக்கீங்க, ஏறிக்கோங்க" என்று அவராகவே சொன்னார். பெட்ரோலுக்குப் பங்கு தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். ஈரோட்டில் வளர்ந்தவள் நான். சும்மா செய்கிறவர்கள் எதற்காகச் செய்கிறார்கள் என்று யோசிக்காமல் இருக்க எனக்கு வராது.

முதல் நாளே காரணம் கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. பிக்கப் வண்டியைக் கிளப்பியதும் அவர் ரேடியோவைத் திருகினார். அதில் ஒருவர் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். எல்லையைத் தாண்டி வருகிறவர்களைப் பற்றி, அவர்களைப் பிடித்தால் பலகை தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறவர்களைப் பற்றி. பாட்டு கிடையாது, பேச்சுதான், நாற்பது நிமிடமும். நேயர்கள் போன் பண்ணுவார்கள், அவர் இன்னும் சத்தமாகப் பேசுவார். ஃபோர்மன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டியபடி தலையசைப்பார். பக்கத்தில் சுடிதாரும் ஸ்வெட்டருமாக, மடியில் டிபன் பாக்ஸோடு நான்.

இரண்டாவது வாரம் கேள்விகள் ஆரம்பமாயின.

"நீங்க எந்த விசாவில வந்தீங்க?"

சொன்னேன்.

"கிரீன் கார்டுக்கு எத்தனை வருஷமா காத்திருக்கீங்க?"

"மூணு வருஷம். இன்னும் ரெண்டு மூணு ஆகும்னு வக்கீல் சொல்றாங்க."

"அதுக்குள்ள கம்பெனியை விட்டுப் போனா?"

"மறுபடி முதல்ல இருந்து."

சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். விளக்கு பச்சையானதும் பைக்குள் போட்டுக்கொண்டார். எட்டிப் பார்த்தேன், எழுத்து தெரியவில்லை. என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. ஆனால் அந்த நாட்களில், சரியாக இருக்கிற காகிதம்கூட யாராவது கூர்ந்து பார்த்தால் கெட்டுவிடும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயம் உண்டு.

வீட்டில் சொன்னேன். கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அவன்கிட்ட எதுக்கு எல்லாத்தையும் ஒப்பிக்கறே?"

"கேட்டா என்ன சொல்றதுங்க? லிப்ட் குடுக்கற மனுசன்."

"தெரியாதுன்னு சொல்லு. அந்த ரேடியோ கேக்கறவங்களுக்கு மெக்சிகோக்காரன், இந்தியாக்காரன்னு வித்தியாசம் கிடையாது. லிஸ்ட் போட்டா நம்ம பேரும் அதுல இருக்கும்."

அதற்குப் பிறகு குறைவாகப் பேச முயன்றேன். முடியவில்லை. காரணம் ரேடியோக்காரர்தான். ஒரு நாள் அவர் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசினார். எந்தத் தெருவில் குடியிருக்கிறாயோ அந்தத் தெருவுக்கு உரிய பள்ளியில்தான் உன் பிள்ளை படிக்க வேண்டும் என்று சர்க்கார் சொல்வது என்ன நியாயம், உன் வரிப்பணத்தை உன் கையில் கொடுத்தால் நல்ல பள்ளியாக நீயே பார்த்துக்கொள்ள மாட்டாயா என்று கேட்டார். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: நான் தலையசைத்தேன்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவத்தில் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். தமிழ் என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்காக அவளை இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகளோடு தினமும் வேறு அறைக்கு அனுப்பினார்கள். அவளுக்கோ இங்கிலீஷ்தான் வாயில் வரும். நான் தமிழில் கேட்டால்கூட இங்கிலீஷில்தான் பதில். "நான் என்ன தப்பு பண்ணினேன், ஏன் என்னை அந்த ரூமுக்கு அனுப்பறாங்க?" என்று அதையும் இங்கிலீஷில்தான் கேட்டாள். பள்ளியில் போய்க் கேட்டேன். விதி என்றார்கள்.

இதை ஃபோர்மனிடம் கொட்டிவிட்டேன். அவர் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்.

"எந்த ஸ்கூல்?"

பெயரைச் சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுத்த சிக்னலில் நோட்டு வெளியே வந்தது.

அன்றிலிருந்து எனக்கு எல்லாமே சந்தேகமாகத் தெரிந்தது. ஒரு நாள் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் என்னை இறக்கிவிட்டு, உடனே போகாமல் இரண்டு நிமிடம் நின்றார். வீட்டு எண்ணைக் குறிக்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு நாள், உலோகம் வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை செய்யும் மெக்சிகோ ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்பது தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, நாங்கள் வேலையைத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, இமிக்ரேஷன் அதிகாரிகள் வந்தார்கள். முன்வாசலிலும் பின்வாசலிலும் ஆட்களை நிறுத்திவிட்டு, மெஷின்களை ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னார்கள். அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எல்லோரையும் சுவரோரம் நிற்க வைத்துக் காகிதம் கேட்டார்கள். என் கைப்பையில் எப்போதும் நகல் இருக்கும். காட்டினேன், திருப்பிக் கொடுத்தார்கள். ஃபவுண்டரியிலிருந்தும் பேக்கிங்கிலிருந்தும் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு பெண் பேக்கிங்கில் இருந்தவள். என்னைப் பார்த்தால் எப்போதும் என் பொட்டைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பாள். வேனுக்குக் கூட்டிப்போகும்போது கையுறையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்குள் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி. யார் போன் பண்ணியது?

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஃபோர்மன் தன் மேஜையில் உட்கார்ந்து சாண்ட்விச்சைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பையில் நோட்டு துருத்திக்கொண்டிருந்தது. நான் எழுந்து மாடியேறி, பணியாளர் பிரிவை நடத்திய அம்மாவின் அறைக்குப் போனேன்.

"அவர் விசாவைப் பத்தி என்னைக் கேட்டுக்கிட்டே இருப்பார்" என்றேன். "எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்குவார். ஃபவுண்டரி ஆட்கள் எங்க இருக்காங்கன்னும் கேட்டார்."

அந்த அம்மா அக்கறையோடு கேட்டுக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். ஒரு தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். "தைரியமா வந்து சொன்னீங்களே" என்றாள். வீட்டில் கணவரும் "நல்ல காரியம் பண்ணினே" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மறு வாரம் பிடிபட்டவர்களின் குடும்பங்களும் ஒரு சர்ச் ஆட்களும் தொழிற்சாலை வாசலில் பலகைகளோடு நின்றார்கள். எங்கள் பிக்கப் அவர்களைக் கடந்து உள்ளே போக வேண்டியிருந்தது. ரேடியோவில் அந்த ஆள் அவர்களைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தான். சட்டத்தை மீறியவனுக்குப் போராட்டம் ஒரு கேடா என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவன் சொல்றது சரிதான்" என்றார் ஃபோர்மன். "சட்டம்னா சட்டம். ஆனா இவங்களுக்குத் தெரிஞ்சே வேலை குடுத்தவன் ஏன் இந்த வாசல்ல நிக்கல? அதை யாரும் அவன்கிட்ட போன் பண்ணிக் கேக்க மாட்டேங்கறாங்க."

இதையும் நான் நம்பவில்லை. பழியைத் திருப்பிவிடப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து ஃபோர்மன் வேலையைப் பறித்து, சரக்கு ஏற்றி அனுப்பும் ஷிப்பிங்கில் போட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்தார்கள். பிக்கப்பின் ஒரு பக்கம் முழுக்க யாரோ சாவியால் கீறிவைத்தார்கள். அப்படியும் தினமும் காலை எங்கள் வாசலில் வந்து நின்றார். நானும் ஏறிக்கொண்டேன், எனக்கு வேறு வண்டி இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ரேடியோவைப் போடவில்லை. வண்டி ஃப்ரீவேயில் ஏறியது.

"பணியாளர் பிரிவுல அந்தத் தாளை எனக்குக் காட்டினாங்க" என்றார். "உங்க கையெழுத்தைப் பார்த்தேன்."

நான் டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து மூடினேன்.

"உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி, என் மச்சினனுக்கு இங்க வேலை இல்லைன்னு சொன்னப்போ, ஒரு நாள் போனைக் கையில எடுத்தேன். இமிக்ரேஷன் நம்பரை டயல்கூட பண்ணினேன். வச்சுட்டேன். இந்தத் தடவை கூப்பிட்டது நான் இல்ல."

நோட்டை எடுத்து என் மடியில் போட்டார். "படிங்க."

பெரிய பெரிய எழுத்து. ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் பண்ணினால் என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். லைன் கிடைத்ததும் தடுமாறிவிடுவாராம். ஒரு பக்கத்தில்: 'என்னோடு வண்டியில் வரும் பெண் எல்லாவற்றையும் சட்டப்படி செய்கிறாள். அவளை ஆறு வருஷம் ஏன் காக்க வைக்கிறோம்? அதுவரை ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்டது யார்?' இன்னொரு பக்கத்தில் தொழிற்சாலையை மெக்சிகோவுக்குக் கொண்டுபோவது பற்றி மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். ஃபவுண்டரி ஆட்கள் வீட்டுக்கே போய், அந்தப் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்ததா என்று கேட்க நினைத்தாராம். கடைசியில் என் மகளின் பள்ளிப் பெயர். அதன் கீழே, 'போன் பண்ணிக் கேட்டேன். அம்மா எழுதிக் கொடுத்தால் அந்த வகுப்பிலிருந்து எடுத்தாக வேண்டும். மறக்காமல் சொல்ல வேண்டும்.'

"சொல்ல மறந்துட்டேன்" என்றார். "ஃபோர்மன் வேலை போன குழப்பத்துல."

நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அதையும் நான் முழுதாக நம்பவில்லை என்பதுதான் உண்மை. நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்று மனதில் ஓடியது. தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, "திங்கட்கிழமையிலிருந்து வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க" என்றார்.

அடுத்த வாரம் கணவர் விடியுமுன் எழுந்து என்னைக் கொண்டுவிட்டார். அப்போதுதான் என் கிரீன் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வக்கீல் போன் பண்ணினாள். சோதனை நடந்ததால் நான் பயந்திருப்பேன் என்று ஆறுதல் சொல்ல.

"கவலைப்படாதீங்க. ஊழியர்களோட காகிதங்களைப் பார்க்கணும்னு சோதனைக்கு ஒரு மாசம் முன்னாடியே இமிக்ரேஷன்ல இருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தாச்சு. உங்களோடதை அப்பவே சரிபார்த்து அனுப்பிட்டோம்."

"ஒரு மாசம் முன்னாடியா? யாருக்கு வந்துச்சு?"

"பணியாளர் பிரிவுக்குத்தான்."

போனை வைத்துவிட்டு நின்றேன். யாரும் போன் பண்ணவே இல்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்த அந்த அம்மா, எனக்குத் தண்ணீர் கொடுத்த அந்த அம்மா, நான் பேசியபோதே காட்டிக்கொடுத்தது ஃபோர்மன் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் எழுதி வாங்கியிருக்கிறாள்.

மாடிக்குப் போனேன். அந்தத் தாளைத் திருப்பித் தரச் சொன்னேன்.

"அதுல பொய் ஏதாவது இருக்கா?" என்றாள். "கேள்வி கேட்டாரா இல்லையா? எழுதினாரா இல்லையா?"

"கேட்டார். ஆனா..."

"அப்புறம் என்ன?" தலைநிமிராமலே ஒரு ஃபைலைப் புரட்டினாள். "உங்க கிரீன் கார்டு இப்ப எந்தக் கட்டத்துல இருக்கு?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் புரிந்து இறங்கி வந்துவிட்டேன். தொழிற்சாலை மெக்சிகோவுக்குப் போவதைப் பற்றி மீட்டிங்குகளில் சத்தமாகக் கேட்ட ஒரே ஃபோர்மன் அவர்தான். அவர் வாயை மூட நிர்வாகத்துக்கு ஒரு தாள் தேவைப்பட்டிருக்கிறது. நான் போய்க் கொடுத்திருக்கிறேன்.

ஆறு மாதத்தில் ஆட்குறைப்பு வந்தது. முதல் பட்டியலிலேயே அவர் பெயர். அடுத்த வருஷம் வால்வு லைன் முழுக்க மெக்சிகோவுக்குப் போயிற்று. எனக்கும் வேலை போனது. கிரீன் கார்டு மறுபடி முதலிலிருந்து. நடுவில் டிரைவிங் டெஸ்டில் மூன்றாவது முறை தேறியிருந்தேன். பள்ளிக்கும் எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் மகளை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த நோட்டில் இருந்தது எல்லாம் உண்மை என்று அன்றைக்குத்தான் முழுதாக ஒப்புக்கொண்டேன்.

பெற்றோர்களே பள்ளியைத் தேர்ந்தெடுக்க விடக் கோரி ஒரு சர்ச் மண்டபத்தில் கூட்டம் என்று பின்னால் ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் தாள் ஒட்டியிருந்தார்கள். போனேன். பேசியவர்களில் ஃபோர்மனும் ஒருவர். தாளைப் பார்த்து வாசித்தார். அப்படியும் தடுமாறினார். முடிந்ததும் கூட்டம் கலையும் வரை காத்திருந்து அவரிடம் போனேன். அவர் மனைவி பக்கத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடக்குவதை நிறுத்தினாள்.

"நான் பண்ணினது தப்பு. விசாரிக்காம சொல்லிட்டேன். அது நீங்க இல்லைன்னு அந்த அம்மாவுக்கு அப்பவே தெரியும்" என்று, வக்கீல் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார்.

"அவங்களைப் பத்தி நான் அப்பவே யூகிச்சேன்" என்றார். "என் மனைவி உங்களை மன்னிக்க மாட்டேங்கறா. நான் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

பிறகு, பழக்க தோஷமோ என்னவோ, "எப்படி வந்தீங்க?" என்று கேட்டார்.

"நானே ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்றேன்.

"நல்லது" என்றார். அவர் மனைவி அடுத்த நாற்காலியைப் படீரென்று மடக்கினாள். நான் ஒரு நாற்காலியை எடுத்து மடக்கிச் சுவரோரம் சாய்த்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிச்சம் இருந்த இரண்டு வரிசையையும் மூன்று பேருமாக மடக்கி முடித்தோம்.