நீலப் பேனலில் உள்ளங்கை அகல ஓட்டை

ரிஸ்தென் என் கணவரின் அக்கா. யாருடைய பனிவண்டி அவள் பட்டறைக்குள் வந்தாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே பேனல்களைக் கழற்றித் தராசில் தொங்கவிட்டுவிடுவாள். இலையுதிர் காலத்தில் அறுத்த கலைமான்களை நிறுக்கிற அதே கொக்கித் தராசுதான். முன்மூடி, இரண்டு பக்கப் பேனல்கள், அடித்தட்டு எல்லாம் சேர்ந்து பத்தொன்பது கிலோ காட்டும். அறுத்த மான்கன்று ஒன்றை வருஷம் முழுக்கச் சும்மா சுமந்துகொண்டு திரிகிறாய் என்று வண்டிக்காரனுக்கு ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

எனக்கு அவளோடு ஒத்துப்போனதில்லை. அவளுக்குத் தன் கைவேலையில் அத்தனை கர்வம். கர்வப்படுகிற அளவுக்கு வேலையும் இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

முப்பத்திரண்டு வயதுவரை அவளும் மந்தையின் பின்னால் ஓடியவள்தான். ஒரு ஜனவரியில், குளிர் மைனஸ் முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கிய நாளில், ஏரி நடுவே வண்டியின் பெல்ட் அறுந்தது. எஞ்சின் சுற்றுவதை வண்டிக்கு அடியில் உருளும் ரப்பர் தடத்துக்குக் கொண்டுபோவது அந்த பெல்ட்தான். அது இடது பக்கப் பேனலுக்குப் பின்னால் இருக்கும். கம்பெனிக்காரன் அந்தப் பேனலைப் பதினான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தான். தடித்த கையுறையோடு ஸ்க்ரூவைப் பிடிக்க முடியாது. கழற்றினாள். ஒன்பதாவது ஸ்க்ரூவில் விரல்கள் மரத்துவிட்டன. பதினான்கையும் கழற்றி, பெல்ட் மாற்றி, வீடு வந்து சேர்ந்தாள். வலது கையில் இரண்டு விரல் நுனி மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த வசந்தத்திலேயே மான்களை என் கணவர் ஹெய்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு, பழைய மாட்டுக்கொட்டகை ஒன்றில் பட்டறை போட்டாள். கடற்கரையில் மீன் பண்ணைக்காரர்கள் கழித்துப்போடும் நீலப் பீப்பாய்களை அள்ளிக்கொண்டு வருவாள். கம்பெனிப் பேனல் கடுங்குளிரில் ஒரு பிர்ச் மரக்கட்டையில் இடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும். பீப்பாய் பிளாஸ்டிக் வளையுமே தவிர உடையாது. அதைச் சூடுகாட்டி வளைத்து, வேண்டாத மூலையெல்லாம் வெட்டி, பதினான்கு ஸ்க்ரூவுக்குப் பதிலாக மூன்று ரப்பர் பட்டை வைத்தாள். கையுறையோடு இழுத்தால் பேனல் கையோடு வரும். அடித்தட்டின் பின்விளிம்பையும் வெட்டி, உள்ளே புகுந்த சேறும் பனியும் தானே வழிந்துபோக வழி வைத்தாள். தராசு பதினொன்று காட்டியது. எங்கள் மேய்ச்சல் குழுவில் பதினாறு வண்டிகளுக்கு நீலக் கன்னம் முளைத்தது. பக்கத்துக் குழுக்காரர்கள் எங்களை மீன்பீப்பாய்க் கூட்டம் என்று கேலி செய்தார்கள். அடுத்த வருஷம் அவர்களில் இரண்டு பேர் யாருக்கும் தெரியாமல் வந்து விலை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஓட்டை வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். மந்தைக்குப் பின்னால் போகிறவன் வண்டியை நடை வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். மான் நின்றால் நிற்க வேண்டும். காற்றுப் படாமல் எஞ்சின் கொதிக்கும். குழுவில் மூத்தவர் ஊல்லா, தன் வண்டியில் காபிப் பானை வைக்கலாம் என்று புலம்பினார். ரிஸ்தென் இடது பேனலில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஓர் ஓட்டை வெட்டினாள். ஒரு வாரம் அவளே மந்தையின் பின்னால் போய்ப் பார்த்தாள். சூடு தணிந்தது. பெல்ட்டும் காற்றுப் பட்டு நன்றாக இருந்தது. பதினாறு வண்டிக்கும் வெட்டிவிட்டாள். மிச்சமான நீல வட்டங்களை எறியவில்லை. ஒவ்வொன்றிலும் வண்டிக்காரரின் மான்களுக்குக் காதில் வெட்டுகிற குறியைக் கத்தியால் கீறி, பட்டறை மேசையில் காபிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டாக ஆக்கிவிட்டாள். யார் வந்தாலும் அவரவர் காதுக்குறி மேல்தான் அவரவர் கோப்பை உட்காரும்.

நடை வேகத்தில் சோதித்தாள், நடை வேகத்தில் சரியாக இருந்தது. மான் பின்னால் பிழைக்கிற எங்களுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. அதே குளிர்காலம், பிப்ரவரியில் ஒரு நாள், வேகமாக விரட்டும்போது பெல்ட் வழுக்குகிறது என்று ஹெய்கா சொன்னார். மட்டமான பெல்ட் வாங்கியிருப்பாய் என்று அக்கா அவர் வாயை அடைத்துவிட்டாள். அவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அக்கா என்றால் அவருக்கு எப்போதும் வாய் திறக்காது.

மார்ச் இரண்டாவது வாரம். மான்கன்றையே அடிக்கிற பெரிய காட்டுப்பூனை ஒன்று மந்தைக்குள் புகுந்து, இருநூறு மான் மேற்கே பிய்த்துக்கொண்டு ஓடியது. ஹெய்கா விடியற்காலையிலேயே தனியாகத் துரத்திப் போனார். பத்து மணிக்குப் போன் வந்தது. பின்னால் காற்று இரைந்தது. "சுன்னா, ஒரு பெல்ட் போச்சு. ரெண்டாவது மாட்டியிருக்கேன், அதுவும் வழுக்குது. மலை முதுகுக்குக் கீழதான் இருக்கேன், வடக்குப் பக்கம்" என்றார். அதோடு நின்றுவிட்டது. திரும்ப அடித்தால் போகவில்லை.

பதினொரு மணிக்குப் பனிப்புயலில் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை. குளிர் மைனஸ் இருபத்தெட்டு. மீட்புக் குழு கடற்கரைச் சாலையில் சிக்கிய பேருந்துக்குப் போயிருந்தது, காற்று அடங்கினால் சாயங்காலம் வருவதாகச் சொன்னார்கள். மற்ற ஆண்கள் கிழக்கே மந்தையோடு இருந்தார்கள். நான் பட்டறைக்கு ஓடினேன்.

ரிஸ்தென் ஏதோ ராவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். ரெண்டாவது பெல்ட்டுமா என்று ஒரு முறை கேட்டாள். பிறகு அரத்தைத் துடைத்துத் துடைத்து மேசையில் வைத்தாள். அந்த நிதானம்தான் எனக்கு வெறியேற்றியது.

"உன் ஓட்டைதான்கா. வேகமாப் போனா பனி நேரா அதுக்குள்ளதான் போகும். அவரு சொன்னாரு, நீ காதுல வாங்கல."

"பெல்ட்டு மட்டமா இருந்தாலும் வழுக்கும்" என்றாள். குரலில் பழைய கெத்து இல்லை.

மேசை மேல் ஹெய்காவின் காதுக்குறி போட்ட வட்டம் இருந்தது. எடுத்து அவள் மேல் வீசினேன். தோளில் பட்டு, உருண்டு, மேசைக்கு அடியில் எங்கோ போனது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. சுவரில் மாட்டியிருந்த தோல் அங்கியை எடுத்தாள்.

சறுக்குவண்டியைப் பின்னால் மாட்டிய அவள் வண்டியில் அவள், என் வண்டியில் நான். என்னுடையது விறகு எடுத்துவரும் வண்டி, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. ரிஸ்தென் பல தடவை கேட்டும் அவள் கத்தியை அதில் வைக்க நான் விட்டதில்லை.

ஆற்றங்கரையைத் தாண்டியதும் முழு வேகத்தில் போனோம். இடுப்பளவு புதுப்பனி, மாவு மாதிரி. இருபது நிமிஷம் இருக்கும். முன்னால் போன அவள் வண்டியின் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். மூன்று பட்டையை இழுத்தாள், பேனல் கையோடு வந்தது. உள்ளே பெல்ட் மேல் பனி அப்பி, பாதி உருகி, பாத்திரம் துடைத்த துணி மாதிரி ஈரமாக இருந்தது. ஓட்டையின் விளிம்பெல்லாம் பனி. முன்னாலுள்ள இடது சறுக்குக்கட்டை வாரியிறைக்கிற பனி நேராக அதற்குள் போயிருக்கிறது.

அவள் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். ஹெய்கா அங்கே ரெண்டாவது பெல்ட்டும் போய் உட்கார்ந்திருக்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

பெல்ட் மாற்ற இரண்டு நிமிஷம். கையுறையைக் கழற்றவே இல்லை. ஓட்டையை அடைக்க டேப் ஒட்டிப் பார்த்தாள், அந்தக் குளிரில் பசை பிடிக்கவில்லை. இருக்கை மேல் விரித்திருந்த மான்தோலில் இடுப்புக் கத்தியால் ஒரு துண்டு அறுத்து, உள்பக்கம் வைத்துப் பட்டையை இறுக்கினாள். அதற்குப் பிறகு வண்டி வழுக்கவில்லை.

மாட்டிக்கொண்டது நான். ஏரியில் பனிக்கட்டிக்கும் மேல்பனிக்கும் நடுவே தண்ணீர் ஏறிச் சேறாக நின்றிருக்கிறது. அவள் வண்டி மிதந்த மாதிரி போய்விட்டது. என் வண்டி மூக்கால் குத்தி இறங்கியது. அடித்தட்டு அந்தச் சேற்றைக் கரண்டியாக அள்ளிக்கொண்டது, வெளியே வழிய வழியில்லை, கண் முன்னாலேயே இறுக ஆரம்பித்தது. எட்டு கிலோவில் என்ன வந்துவிடப்போகிறது என்று இத்தனை வருஷம் அவளைக் கிண்டல் செய்தவள் நான். இரண்டு பேர் சேர்ந்து மூன்று தடவை தூக்கினோம். ஒரு சாண்கூட எழவில்லை. முழங்கால் வரை நனைந்துவிட்டேன்.

"விடு. வந்து ஏறு" என்றாள்.

"ரெண்டு பேரு ஏறினா அவர எதுல கூட்டிட்டு வர்றது?"

"சறுக்குவண்டிய இழுத்துட்டுத்தான வர்றேன். அதுல படுக்கப் போடுவோம். கால மாத்து மொதல்ல." அங்கிக்குள்ளிருந்து காய்ந்த புல் திணித்த தோல்காலணி ஒரு ஜோடி எடுத்து நீட்டினாள். தம்பிக்காக எடுத்து வைத்திருந்தது. விறைத்த கால் காலணிக்குள் இறங்கவில்லை. அவளே மாட்டிவிட்டாள்.

மலை முதுகுக்கு வடக்கே அரை மணி நேரம் தேடினோம். நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவர் பெயரை விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். முதலில் தெரிந்தது நீலம். பேனலைக் கழற்றி, கவிழ்த்த வண்டிக்கும் பனிமேட்டுக்கும் நடுவே கதவாக வைத்து, மான் பிடிக்கும் லாசோக் கயிற்றால் கட்டியிருந்தார். ரிஸ்தென் எஞ்சினை அணைக்கவும் மறந்து குதித்தாள். பேனலைப் பிடுங்கினாள். உள்ளே குழிக்குள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புருவமெல்லாம் வெள்ளை. கண் மூடியிருந்தது. நான் கன்னத்தில் அறைந்தேன், பலமாகவே.

கண் திறந்தது. பேச்சு வாய் கோணிக்கொண்டு வந்தது. கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டினார்.

"ரெண்டு பெல்ட்டையும் கையுறையோடயே கழட்டினேன்கா. பத்து வெரலும் இருக்கு."

ரிஸ்தென் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

அவருக்கு இடது காலில் ஒரு விரல் போயிற்று. மற்றபடி ஆள் முழுசாகத் திரும்பினார். மூன்றாம் நாள் எல்லோரும் பட்டறையில் கூடினார்கள், ஹெய்கா கட்டுப்போட்ட காலோடு. எங்கள் ஊரில் தப்பு நடந்தால் யார் பெயரையும் எடுக்க மாட்டோம், பழியை வானிலையின் தலையில் கட்டிவிட்டுக் காபி குடிப்போம். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த மாதிரி காற்று நாற்பது வருஷமாக அடித்ததில்லை என்றார் ஊல்லா. பெல்ட் மட்டம் என்றார் என் புருஷன், அக்காவைப் பார்க்காமலே. அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"காத்தும் இல்ல, பெல்ட்டும் இல்ல" என்றாள் ரிஸ்தென். "ஓட்டைய நான் போட்டேன். தம்பி சொன்னப்ப நான் கேக்கல. வண்டிய எல்லாரும் உள்ள கொண்டாங்க."

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஊல்லாதான் முதலில் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"அப்ப மறுபடி எஞ்சின் கொதிக்குமே."

"கொதிக்கும். முன்மூடியில பின்னால பாத்த மாதிரி காத்துக்கு ஒரு வழி வெக்கணும். இந்தத் தடவ வேகமாவும் ஓட விட்டுப் பாத்துட்டுத் தர்றேன்."

"காபிய எங்க வெக்கிறதாம்?" என்றார் ஊல்லா. இரண்டு பேர் சிரித்தார்கள். ரிஸ்தென் சிரிக்கவில்லை. கோப்பைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அடியிலிருந்த வட்டத்தை எடுத்து, காதுக்குறி பார்த்து, அந்தந்த வண்டியின் ஓட்டையில் பொருத்தி ரிவெட் ஆணி அடித்தாள். காபிக் கறையைத் துடைக்கவில்லை. நுனி போன விரலோடு அவளுக்கு ரிவெட் பிடிக்க நேரமாகும். யாரும் உதவிக்குப் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

பதினைந்து வண்டி முடிந்தது. கடைசியாக, சறுக்குவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்த ஹெய்காவின் பேனலை மேசை மேல் வைத்தாள். அவர் வட்டத்தைத் தேடினாள். மேசையில் இல்லை, அலமாரியில் இல்லை. புதுசாக ஒன்று வெட்டிக்கொள்ளலாம் என்று ஹெய்கா சொன்னார். அவள் கேட்காத மாதிரி டப்பாக்களை நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு, மேசைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். வட்டம் எண்ணெய்ப் பிசுக்கும் மரத்தூளும் ஒட்டிக் கிடந்தது. பாவாடையில் துடைத்தேன். ஓட்டையில் நானே வைத்து, அவள் ரிவெட் அடித்து முடிக்கிற வரைக்கும் அசையாமல் பிடித்துக்கொண்டேன்.