பிடுங்கி வைத்த பிளக்

எதையும் மிச்சம் பிடிக்கிற புத்தி எனக்கு. கொடைக்கானலில் நான் வார்டனாக இருந்த மாணவியர் விடுதியில் மாடிப்படிக்கு ஜன்னலே கிடையாது. கரண்ட் போனால் எரியட்டும் என்று மேல்படியில் ஓர் எமர்ஜென்சி லைட் மாட்டியிருந்தார்கள். கோடை விடுமுறையில் ஆளில்லாத படிக்கட்டுக்கு எதற்கு வெளிச்சம், பேட்டரியாவது மிஞ்சட்டும் என்று சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி வைத்தேன்.

வயரிங் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், இத்தனை நாள் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் பேட்டரி செத்துப்போயிருக்கும், பிள்ளைகள் வருவதற்குள் ஒருதரம் எரியவிட்டுப் பாருங்கள் என்றார். எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டதோடு சரி. சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சிவப்புப் பொட்டு எரிந்தது. எரியவிட்டுப் பார்க்கிறேன் என்று இருக்கிற சார்ஜையும் தீர்ப்பானேன்?

பள்ளி திறந்த முதல் வாரம், மாலை நாலரை மணி. மலையில் மஞ்சு மூட்டம் இறங்கிப் பகலே இருண்டு கிடந்தது. கரண்டும் போனது. அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து, புகை மாடிக்கு ஏறிவிட்டது. பழைய பிள்ளைகள் படி பழகியவர்கள். சுவரைத் தடவித் தடவி இறங்கி வந்துவிட்டார்கள். முற்றத்தில் நிறுத்தி எண்ணினேன். ஒருத்தி குறைந்தாள். கிளாவரை கிராமத்திலிருந்து ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்தவள். மறுபடி எண்ணினேன். பெற்றவர்களிடம் நான் என்ன பதில் சொல்வேன்?

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினேன். போன் வெளிச்சம் அந்தப் புகையில் ஒரு முழம்கூடப் போகவில்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். இருமல் சத்தம் மட்டும் கேட்டது. மேல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயமெல்லாம் கோபமாகிவிட்டது எனக்கு. எல்லாரும் இறங்கும்போது உனக்கு மட்டும் என்ன கேடு என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"நீங்கதான மிஸ் சொன்னீங்க, கரண்ட் போனா இந்த லைட்டு எரியும், எரிஞ்ச பெறகுதான் படியில கால வைக்கணும்னு. எரியவே இல்ல மிஸ்."

அவளைத் தூக்கிக்கொண்டு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. முற்றத்தில் தண்ணீர் குடித்து, இருமல் அடங்கியதும், "தப்புப் பண்ணிட்டேனா மிஸ்?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். தப்பு யாருடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பத்தாவது முடித்துப் போகிறவரைக்கும் வரவில்லை.