வாங்க என்று சொல்ல ஒரு மூச்சு

எங்கள் ஊர்ப்பக்கம் வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றமாட்டார். அடுத்த கல்யாணப் பந்தியில் அந்தக் கதைதான் ஓடும். என் வீட்டுக்காரர் இதில் ரொம்பக் கண்டிப்பு. கிணத்துக்கடவில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் கடை வைத்திருந்தார். கையில் கம்பியைப் பிடித்தபடியே தெருவில் போகிறவர்களை எல்லாம் வாங்க வாங்க என்பார்.

முதுகுவலி என்றுதான் ஆரம்பித்தது. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தால் வலிக்காதா என்று தைலம் தேய்த்தோம். கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் புற்றுநோய், முதுகெலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் போலக் கடைக்குக்கூடப் போய்வந்தார். அப்புறம் அந்த மாத்திரைக்கு நோய் அடங்கவில்லை. நெஞ்சில் நீர் கோத்தது. ஊசி குத்தி எடுத்தார்கள். கீமோ ஏற்ற ஆரம்பித்தார்கள்.

"முழுசா குணமாக்க முடியாதுங்கம்மா. கொஞ்சம் அடக்கி வெக்கலாம், அவ்வளவுதான்" என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஓயவில்லை. சனம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு "வாங்க". அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருமல், இரைப்பு, நெற்றியெல்லாம் வியர்வை.

"பீடி சிகரெட்டுப் பழக்கம் இருந்துச்சுங்களா?" என்று பங்காளி ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க. இனிமேத்தான் பழகோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அதற்கும் இருமினார்.

மனிதர்கள் வந்தால் எனக்கும் பிடிக்கும். பேச்சு என்றால் எனக்குச் சோறு வேண்டாம். ஆனால் கீமோவால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன, கிருமி தொற்றிவிடும், கூட்டம் சேர்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதும் வெளிக்கதவைப் பூட்டினேன். ஈரோட்டிலிருந்து அவருடைய அக்கா வந்தார். நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர். அவரையும் கதவுக்கு வெளியே நிற்கவைத்தே பேசினேன்.

"ஏனம்மணி, என்ற தம்பியப் பாக்க உன்றகிட்டச் சீட்டு வாங்கோணுமா?"

"டாக்டரு சொன்னதுங்க, நங்கையா."

"டாக்டரா அவனத் தூக்கி வளத்துனாரு?"

உள்ளே இருந்து அவர் "வாங்க்கா" என்றார். அந்தச் சத்தம் வெளிக்கதவைத் தாண்டவில்லை. என் காதில் மட்டும்தான் விழுந்தது. நங்கையா அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த ஸ்கேனில் தலைக்கும் பரவியிருந்தது. தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு வேறு கீமோ போட்டுப் பார்க்கலாம், சில மாதம் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். வேண்டாமென்றால் வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மட்டும் மருந்து தருவதாகச் சொன்னார். போடுங்க என்று நான் வாயெடுப்பதற்குள் இவர் கேட்டார்:

"இதப் போட்டா... ஊட்டுக்கு ஆளுக வந்து போலாங்களா?"

"அணு குறையற நேரத்துல கூடாதுங்க."

"அப்ப வேண்டாங்க."

காரில் வரும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "நாலு பேரு வரலீன்னா செத்தா போயிருவீங்க?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இருமினார்.

"வந்தாலுந்தாம் புள்ள" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வெளிக்கதவைத் திறந்துவிட்டேன். மார்ஃபின் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலி கொஞ்சம் அடங்கியது. நங்கையா மறுபடி வந்து காலடியில் உட்கார்ந்தார். தேங்காய் விலை, மழை, யாருக்கு எங்கே பெண் பார்த்தார்கள் என்று சனம் பேசியது. இவர் நிறுத்தி நிறுத்தி ஆளுக்கு ஒரு வார்த்தையாவது சொன்னார். காப்பி கொண்டுவந்து வைக்கும்போது எனக்கு வயிறு எரியும். எத்தனை வருடமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், அந்த மூச்சில் எனக்குப் பங்கில்லையா?

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு போய் உட்காருவேன். "ஏனுங்க, என்றகிட்டயும் ஏதாச்சும் சொல்லுங்க" என்பேன். உதடு அசையும். சத்தம் வராது. நாளைக்கு என்பதுபோல் விரலை லேசாகத் தூக்கிக் காட்டுவார்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆள் வந்துவிடும்.