மைக் செட்டை நிறுத்திய கல்யாண வீடு

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் செல்வி, ஆராய்ச்சி மாணவி, அங்கே ஒரு கணக்கை ஓடவிட்டிருந்தாள். சூரியனைப் போல் கொதிக்கும் பிளாஸ்மா, அணு இணைவு உலைக்குள் தன் ஓரத்தில் எப்படிச் சுழித்து வெப்பத்தைச் சிந்துகிறது என்ற கணக்கு. நாள்கணக்கில் ஓடி முடிந்தால்தான் விடை பதிவாகும். மறுநாள் சென்னையில் அதை அவள் காட்டியாக வேண்டும்.

இருட்டுகிற நேரம் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தியது.

"இன்னும் அரை மணி நேரம் ஓடணும், அண்ணாச்சி!" என்றாள் செல்வி. பேட்டரி அவ்வளவு தாங்காது.

எதிர்க் கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது. ஒயரோடு ஓடினேன்.

"காலையில சத்தத்தக் கொறைன்னு சண்டைக்கு வந்தவிய தானே?" என்றார் மைக் செட்காரர். "பாட்டு, லைட்டு அம்புட்டையும் அணைக்கணும். இல்லேன்னா வோல்டேஜ் ஆடும், ஒங்க மெஷின் தாங்காது. மாப்பிள்ளை அழைப்பு கெளம்பிட்டு, அரை மணி நேரத்துல வந்துரும். அணைச்சா என்னய மிதிப்பாவ!"

கல்யாணப் பெண்ணின் அம்மா கேட்டார்: "ஒங்க மெஷின் நின்னா மறுபடி ஓடாதா?"

"முதல்லயிருந்து ஓடணும்க்கா. அந்தப் பிள்ளை படிப்பே அதுலதான் இருக்கு."

"அணைங்க" என்றார்.

இருட்டுக்குள் வந்த மாப்பிள்ளை வீட்டார், "என்ன, எழவு வீடு மாதிரி கெடக்கு?" என்று சீறினார்கள். அந்த அம்மா குலவை போட்டார். பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொள்ள, தெருவே அதிர்ந்தது.

குலவைக்கு நடுவே செல்வி வாசலுக்கு ஓடிவந்தாள். "முடிஞ்சிட்டு அண்ணாச்சி!"

இப்போதும் எங்காவது மைக் செட் அலறினால், குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.